புதுப் புல்லா, பேர் வைக்காத பழைய புல்லா?

கடலோர மணல்மேடுகளில் இன்றும் புதிய புல் இனங்களுக்குப் பெயர் வைக்கப்படுகிறது என்று போன இதழில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். நெல்லைப் பற்றியும் மூங்கிலைப் பற்றியும் பக்கம் பக்கமாக எழுதியதை விட்டுவிட்டு எல்லோரும் அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டீர்கள். சரி, இந்த முறை முழுக்க மணல்மேட்டுப் புல்தான்.

கே: மணல்மேட்டில் தினமும் ஆடு மேய்க்கிறவருக்குத் தெரியாத புல்லா? தலைமுறை தலைமுறையாக அங்கேயே கிடக்கும் ஒன்றைப் 'புதிய இனம்' என்று அறிவிப்பது என்ன நியாயம்?
(வேதாரண்யம் வாசகர்)

ப: கோபம் புரிகிறது. புதிய இனம் என்று தாவரவியல்காரர்கள் சொல்வது, இதுவரை யாரும் முறைப்படி விவரித்துப் பெயர் வெளியிடாத இனத்தை. அந்தப் புல் எந்த மாதம் துளிர்க்கும், ஆடு கடிக்குமா கடிக்காதா, எந்தப் பக்கத்து மணலில் வேர் பிடிக்கும் என்பதெல்லாம் மேய்க்கிறவருக்குத்தான் நன்றாகத் தெரியும். ஆனால் அதே சாயலில் குஜராத்திலும் இலங்கையிலும் ஆப்பிரிக்கக் கரையிலும் இருக்கிற புற்களோடு வைத்துப் பார்த்து, இது அவற்றில் எதுவும் இல்லை என்று காட்டுவது வேறு வேலை. அதைச் செய்தவர் ஒரு மாதிரியை அழுத்தி உலர்த்தி, தாளில் ஒட்டி, ஒரு ஹெர்பேரியத்தில், அதாவது உலர்த்திய செடிகளைச் சேர்த்துவைக்கும் காப்பகத்தில், ஒப்படைத்துவிட வேண்டும். அந்தத் தாள்தான் அந்தப் பெயருக்குக் காலத்துக்கும் ஆதாரம். நாளைக்குச் சண்டை வந்தால் எல்லோரும் போய்ப் பார்ப்பது அதைத்தான். கூடவே லத்தீனிலோ ஆங்கிலத்திலோ ஒரு விவரிப்பு வெளியாக வேண்டும். 2011 முடியும் வரை லத்தீன் கட்டாயம், 2012 ஜனவரி 1 முதல்தான் ஆங்கிலமும் செல்லும் என்று விதியைத் தளர்த்தினார்கள். தமிழில் மட்டும் எழுதினால் இன்னும் செல்லாது, என்ன செய்வது.

இதில் எனக்குப் பிடித்த சங்கதி வேறு. புதிய இனம் என்றதும் யாரோ காட்டிலும் மேட்டிலும் அலைந்து திடீரென்று கண்டுபிடித்ததாக நினைக்கிறோம் இல்லையா, பெரும்பாலும் அப்படி நடப்பதில்லை. 2010-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், புதிதாக விவரிக்கப்பட்ட பூக்கும் தாவரங்கள் முதலில் எப்போது சேகரிக்கப்பட்டவை என்று பின்னோக்கிப் போய்ப் பார்த்தார்கள். சேகரித்த 5 ஆண்டுக்குள் பெயர் கிடைத்தவை வெறும் 16 சதவீதம். ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு 50 ஆண்டுக்கு மேல் ஹெர்பேரியம் அலமாரியிலேயே, வேறு ஏதோ பெயர் எழுதிய உறைக்குள்ளோ பெயரே இல்லாமலோ கிடந்திருக்கின்றன. ஆக, புல்லைக் கண்டது யாரோ, பறித்து அழுத்தியது யாரோ, அது வேறு இனம் என்று கண்டுகொண்டவர் முதல் ஆள் போன பிறகு வேலைக்கு வந்த யாரோ!

புல் என்றால் இன்னும் மோசம். உலகத்தில் 11,000-க்கு மேல் புல் இனங்கள் இருக்கின்றன. இதழ் கிடையாது, நிறம் கிடையாது, பூக்காத காலத்தில் பாதிப் புற்கள் ஒன்று போலவே இருக்கும். வித்தியாசமெல்லாம் கதிருக்குள் இருக்கும் சிறுகதிர்களில்தான். உமி எத்தனை, அதில் எத்தனை நரம்பு, நுனியில் கூர் உண்டா, இலை தண்டைப் பிடிக்கும் இடத்தில் இருப்பது மெல்லிய சவ்வா மயிர் வரிசையா என்று லென்ஸ் வைத்துக் கழுத்து வலிக்க எண்ண வேண்டும். அதனால்தான் செடி சேகரிக்கப் போகிற பலரும் புல்லைப் பார்த்தால் நைசாக அடுத்த செடிக்குப் போய்விடுகிறார்கள்.

கே: எங்கள் ஊர் மணலில் ராவணன் மீசைப் புல் நிறைய. ஆனால் இரண்டு வகை இருக்கிறது. ஒன்றில் பெரிய முள்பந்து காய்க்கும், காற்றில் உருண்டு ஓடும். இன்னொன்றில் பந்தே வராது, கதிர் கதிராகக் கொத்து மட்டும்தான். இரண்டாவது புது இனமாக இருக்குமோ?
(தூத்துக்குடி மாவட்ட வாசகர்)

ப: உங்கள் ஆசையில் மண்ணைப் போடுகிறேன், மன்னியுங்கள். அது ஆண். ராவணன் மீசையில் ஆண் செடி தனி, பெண் செடி தனி. பந்து உங்களுக்குக் கிடைத்தது பெண் செடியில். ஒரு சாணுக்கு மேல் குறுக்களவு இருக்கும், நாலாபக்கமும் ஊசி நீட்டிக்கொண்டிருக்கும், விதை முற்றியதும் பந்து அப்படியே முழுசாகக் கழன்று, தென்மேற்குக் காற்றோ வாடைக்காற்றோ தள்ளுகிற பக்கம் உருண்டு, எங்கேயாவது மணலில் சிக்கிப் புதைந்து முளைக்கும். ஆண் செடிக்கு மகரந்தத்தைக் காற்றில் விட்டால் வேலை முடிந்தது, அதற்கு எதற்குப் பந்து?

ஆனால் நீங்கள் இரண்டையும் பிரித்துப் பார்த்தீர்களே, அது சரியான கண். புதிய இனம் என்று எழுதுகிறவர்கள் முதலில் கடக்க வேண்டிய கண்டம் இதுதான்: ஒரே இனத்துக்குள் ஆண், பெண், இளசு, முதிர்ந்தது, உப்புக்காற்று அடித்துக் குட்டையானது, மழைக்குப் பின் கொழுத்தது என்று எத்தனை முகம் இருக்கிறது என்று தெரியாமல் அவசரப்பட்டால், ஒரே புல்லுக்கு நாலு பெயர் வந்துவிடும். வந்தும் இருக்கிறது. அடுத்த கேள்வியைப் பாருங்கள்.

கே: ராவணன் மீசைக்கு அறிவியல் பெயர் என்ன, யார் வைத்தது?
(சென்னை வாசகர்)

ப: ஸ்பினிஃபெக்ஸ் லிட்டோரியஸ். இந்தப் பெயரை அடைவதற்குள் அந்தப் புல் பட்ட பாடு கொஞ்சம் இல்லை. 1768-இல் நிக்கோலாஸ் பர்மன் என்ற டச்சுக்காரர் அதை ஸ்டிபா என்ற வேறொரு பேரினத்தில் (பேரினம் என்பது நெருங்கிய இனங்களின் கூட்டம்) சேர்த்து ஸ்டிபா லிட்டோரியா என்றார். 1771-இல் லின்னேயஸ், இதற்கென்று தனிப் பேரினமே வேண்டும் என்று ஸ்பினிஃபெக்ஸ் ஸ்குவாரோசஸ் என்று வைத்தார். பேரினத்தைப் பொறுத்தவரை லின்னேயஸ் சொன்னது சரி, ஆனால் இனப்பெயரில் பர்மன் முந்திக்கொண்டவர். ஆகவே 1912-இல் எல்மர் மெரில் என்ற அமெரிக்கத் தாவரவியல்காரர் லின்னேயஸின் பாதியையும் பர்மனின் பாதியையும் சேர்த்து இப்போதைய பெயரை அமைத்தார். ஸ்குவாரோசஸ் என்ற பெயரைப் பழைய புத்தகங்களில் பார்த்தால் வேறு புல் என்று நினைக்க வேண்டாம், இதுவேதான்.

இன்னொரு எச்சரிக்கை. இணையத்தில் ஸ்பினிஃபெக்ஸ் என்று தேடினால் ஆஸ்திரேலியப் பாலைவனத்தில் குத்துக்குத்தாக நிற்கும் ஒரு புல் வரும். அங்கே மக்கள் அப்படித்தான் அழைக்கிறார்கள், ஆனால் அது ட்ரையோடியா என்ற வேறு பேரினம். நம்முடையது இந்தியா, இலங்கை தொடங்கித் தென்கிழக்கு ஆசியா வழியாக ஆஸ்திரேலியாவின் வடகரை வரை கடலோரத்தில் மட்டும் வாழ்வது.

கே: உப்புக்காற்று, கொதிக்கிற மணல், தண்ணீர் இல்லை. இதில் எப்படி ஒரு புல் பிழைக்கிறது?
(நாகர்கோவில் வாசகர்)

ப: தண்ணீர் இல்லை என்பதிலிருந்து ஆரம்பிப்போம். மணல்மேட்டுக்கடியில் நல்ல தண்ணீர் உண்டு. மழைநீர் மணலில் இறங்கி, உப்புநீரை விட எடை குறைவு என்பதால் அதன் மேல் மிதந்து நிற்கும். கடல்மட்டத்துக்கு மேலே 1 மீட்டர் நன்னீர் நின்றால் கீழே சுமார் 40 மீட்டர் வரை நன்னீர் இருக்கலாம் என்பது ஒரு தோராயக் கணக்கு. தனுஷ்கோடியில் கடலுக்குப் பக்கத்திலேயே மணலைத் தோண்டிக் குடிநீர் எடுப்பது இப்படித்தான். அப்புறம் இலை: ராவணன் மீசையின் இலை தட்டையாக விரியாது, ஓரங்கள் உள்ளே சுருண்டு விறைத்து, நுனி ஊசியாக இருக்கும். ஆவியாகிப் போகும் நீர் குறைகிறது, மாடும் வாய் வைக்காது, வெறுங்காலோடு நடக்கிறவன் ஒருமுறைதான் மிதிப்பான்.

ஆனால் இதன் பெரிய வித்தை புதைவதில் இருக்கிறது. சாதாரணச் செடி மணலில் மூடினால் செத்துப்போகும். இது மணல் ஏற ஏற மேலே வளரும், மணலில் படர்ந்து ஓடும் ஓடுதண்டின் ஒவ்வொரு கணுவிலும் புது வேர் விடும். காற்று புல்லில் மோதி வேகம் குறைந்ததும் சுமந்து வந்த மணலைப் போட்டுவிடுகிறது, அது குவிகிறது, புல் அதற்கு மேலே ஏறுகிறது, திரும்பவும் மணல் விழுகிறது. மேடு உயர்வது இப்படித்தான். ஐரோப்பாவின் மணல்மேட்டுப் புல்லான மாரம் புல் ஓராண்டில் 1 மீட்டர் மணல் ஏறினாலும் தாக்குப்பிடிக்கும் என்கிறார்கள்.

கே: எல்லாம் பழைய புல்லுக்குப் புதுப் பெயர் என்கிறீர்கள். நிஜமாகவே நேற்று இல்லாமல் இன்று தோன்றிய புல் உண்டா?
(மதுரை வாசகர்)

ப: உண்டு. இங்கிலாந்தின் தென்கரையில், மணல்மேட்டில் இல்லை, பக்கத்துச் சேற்றுநிலத்தில். வட அமெரிக்காவின் ஸ்பார்டினா புல் ஒன்று கப்பல் வழியாக 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே வந்து சேர்ந்தது. உள்ளூர் ஸ்பார்டினாவோடு கலந்து, விதை பிடிக்காத ஒரு கலப்பு உருவானது. அதை 1870-இல் சவுத்தாம்ப்டன் பக்கம் சேகரித்தார்கள். பிறகு அந்தக் கலப்பின் குரோமோசோம்கள் இரட்டிப்பாகி, விதை பிடிக்கும் தனி இனமாகவே மாறிவிட்டது. மலட்டுச் செடி வம்சம் கண்டது 1890-களில். ஸ்பார்டினா ஆங்கிலிகா என்ற பெயர் முறைப்படி வந்ததோ 1978-இல்! பிறப்புக்கும் பெயர்சூட்டுக்கும் நடுவில் ஒரு மனித ஆயுள்.

மணல்மேட்டுக்கு வந்தால், அமெரிக்காவின் ஒரேகான், வாஷிங்டன் கரைகளில் மணலைக் கட்டிப்போட ஐரோப்பிய மாரம் புல்லையும் அமெரிக்கக் கிழக்குக் கரையின் மாரம் புல்லையும் கொண்டுவந்து நட்டிருந்தார்கள். இரண்டும் அங்கே சந்தித்துக் கலந்துவிட்டன என்று 2021-இல் வெளியிட்டார்கள். இதை இனம் என்று சொல்லவில்லை, கலப்பு என்றுதான் சொல்லியிருக்கிறார்கள். ஆனாலும் மணல்மேட்டின் உயரமும் வடிவமும் எந்தப் புல் நிற்கிறது என்பதைப் பொறுத்தது, அதனால் அங்கே இதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை.

கே: எங்கள் வடமராட்சி கிழக்கில் மணற்காட்டு மணல்மேடுகளில் சவுக்கு மரம் நட்டுக் காடாகவே இருக்கிறது. மணலைத் தடுக்க மரம் நல்லதா, புல் நல்லதா?
(யாழ்ப்பாண வாசகர்)

ப: மணற்காட்டில் மணல் என்ன செய்யும் என்பதற்குப் பாதி புதைந்து நிற்கும் பழைய அந்தோனியார் கோயிலே சாட்சி. வீட்டையும் தோட்டத்தையும் மணல் மூடிவிடும் இடத்தில், காற்றைத் தடுக்க உட்புறமாகச் சவுக்கு நட்டவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. விறகும் கிடைக்கிறது.

கடலைப் பார்த்த முதல் மேட்டில் நடுவதைத்தான் நான் எதிர்க்கிறேன். அங்கே மேட்டைக் கட்டுவது புல்லும் அடம்பங்கொடியும். இரண்டுக்கும் முழு வெயில் வேண்டும். சவுக்கு நிழலடித்து, ஊசிச்சருகை மெத்தை மாதிரி கொட்டினால் கீழே ஒன்றும் வராது. அடுத்த புயலில் மேடு அரிபட்டால், புல் இருந்தால் திரும்பக் கட்டும், மரம் சாய்ந்து கிடக்கும். தமிழ்நாட்டில் 2004 சுனாமிக்குப் பிறகு சவுக்கு நடவு வேகம் பிடித்தபோது சில இடங்களில் இருந்த மணல்மேட்டையே சமப்படுத்தி நட்டார்கள், அலையைத் தடுக்கிறேன் என்று அலையைத் தடுத்ததையே எடுத்த கதை. பங்குனி ஆமைக்கும் முட்டையிட வெயில் படும் திறந்த மணல் வேண்டும், மரவரிசை அலை ஏறும் கோடு வரை வந்துவிட்டால் அது எங்கே போகும்? இந்தியாவில் 2011, 2019 கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கைகள் இரண்டுமே மணல்மேடுகளை மிகுந்த பாதுகாப்புக்குரிய முதல் வகையில் வைத்திருக்கின்றன. காகிதத்தில் இடம் நன்றாகவே கிடைத்திருக்கிறது.

கே: நான் ஒரு புல்லைக் கண்டுபிடித்தால் என் பெயரை வைக்கலாமா? யாரிடம் காட்டுவது?
(கடலூர் கல்லூரி மாணவி)

ப: விதியில் தடை இல்லை, ஆனால் தன் பெயரைத் தானே வைத்துக்கொண்டால் துறையில் சிரிப்பார்கள். இன்னொருவர் உங்கள் பெயரை வைத்தால் கௌரவம். ஆக, நல்ல சிநேகிதர்களைச் சம்பாதியுங்கள்.

காட்டுவதற்குக் கோவையில் இந்தியத் தாவரவியல் அளவைத் துறையின் தென்மண்டல மையம் இருக்கிறது. பெயர் மெட்ராஸ் ஹெர்பேரியம், இருப்பது கோவையில். திருச்சி புனித வளனார் கல்லூரியில் ராப்பினட் ஹெர்பேரியம். இலங்கை வாசகர்களுக்குப் பேராதனையில் உள்ள ஹெர்பேரியம். புதிய இனம் என்று உறுதியானால், இந்தியாவில் 2002 உயிரியல் பன்மைச் சட்டப்படி மாதிரியை அதற்கென்று அறிவிக்கப்பட்ட நிறுவனத்தில் ஒப்படைத்துத் தகவலும் தெரிவிக்க வேண்டும்.

போவதற்கு முன்னால் செய்ய வேண்டியது: கதிர் இருக்கும்போது எடுங்கள். முழுச் செடியையும் பிடுங்க வேண்டாம், கொஞ்சம் ஓடுதண்டும் வேரும் வந்தால் போதும். ராவணன் மீசை போல ஆண் பெண் தனியாக இருந்தால் இரண்டையும் எடுங்கள். செய்தித்தாளுக்குள் வைத்து அழுத்தி, தாளை தினமும் மாற்றுங்கள், கடற்கரைக் காற்றில் பூஞ்சை சீக்கிரம் பிடிக்கும். இடம், தேதி, கடலிலிருந்து எவ்வளவு தூரம், பக்கத்தில் என்ன செடி என்று அன்றைக்கே எழுதிவிடுங்கள். மன்னார் வளைகுடாத் தீவுகள் மாதிரிப் பாதுகாக்கப்பட்ட இடம் என்றால் முதலில் வனத்துறை அனுமதி. கதிர் இல்லாத வெறும் இலையைக் கொண்டுபோய் நீட்டினால், எவ்வளவு பெரிய நிபுணராக இருந்தாலும் 'புல்' என்று மட்டும்தான் சொல்வார்.