தாத்தா காலத்துப் பிக்கப்புக்கு எந்த எஞ்சின்?

கேள்வி: தஞ்சாவூர் மாவட்டம் பாபநாசம் பக்கம் எங்கள் ஊர். தாத்தா வாங்கிய மஹிந்திரா ஜீப் பிக்கப் இன்னும் ஓடுகிறது. 1972 பதிவு, சொந்த உபயோக ஆர்சி, 2.2 லிட்டர் பெட்ரோல் எஞ்சின், மூன்று கியர். அறுவடை சமயத்தில் 40 கிலோ மூட்டை பத்துப் பன்னிரண்டு ஏற்றி நெல் கொள்முதல் நிலையத்துக்குப் போவோம். சமதரையில் பிரச்சினை இல்லை. வயலிலிருந்து ஆற்றங்கரை மேல் ஏறும்போது மட்டும் முதல் கியரிலேயே திணறுகிறது. வேறு எஞ்சின் தூக்கி மாட்டலாம் என்று மூன்று மெக்கானிக்குகள் மூன்று யோசனை சொல்கிறார்கள்: பழைய ஜீப்பின் பியூஜோ டீசல், பொலேரோவின் டிஐ டர்போ டீசல், அம்பாசடரின் இசுஸு பெட்ரோல். எதை வாங்கலாம்?

பதில்: இப்போதைக்கு எதையும் வாங்காதீர்கள். உங்கள் வண்டியில் இருப்பது ஹரிக்கேன் எஞ்சின், 2199 சிசி. புதிதாக இருந்தபோது அதன் திறன் 75 குதிரைத்திறன். இழுவை சுமார் 155 நியூட்டன் மீட்டர், அதுவும் நிமிடத்துக்கு 2000 சுற்றிலேயே கிடைத்துவிடும். அரை டன் நெல்லோடு முதல் கியரில் ஆற்றங்கரை ஏற இது தாராளம். ஏறவில்லை என்றால் எஞ்சின் சின்னது என்று அர்த்தமில்லை, அது தேய்ந்திருக்கிறது அல்லது சரியாக டியூன் ஆகவில்லை என்றுதான் அர்த்தம்.

முதலில் நாலு சிலிண்டருக்கும் கம்ப்ரஷன் கேஜ் (உள்ளே அழுத்தம் பார்க்கும் கருவி) வைத்துப் பாருங்கள். ஒன்றில் மட்டும் குறைந்தால் அதில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். அளவு ஏறினால் பிஸ்டன் ரிங் போயிருக்கிறது, ஏறாவிட்டால் பெரும்பாலும் வால்வு. இந்த எஞ்சினில் இன்டேக் வால்வு ஹெட்டில் இருக்கும், எக்ஸாஸ்ட் வால்வு பிளாக்கிலேயே பக்கவாட்டில் உட்கார்ந்திருக்கும். சூட்டில் தீய்வது அந்த எக்ஸாஸ்ட் வால்வுதான். ஹெட்டைக் கழற்றி மேல் வால்வை மட்டும் தேய்த்துவிட்டு "வேலை முடிஞ்சுது" என்று கொடுத்தால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

அடுத்தது பெட்ரோல். இப்போது பங்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. கார்புரேட்டர் வண்டியில் அதே ஜெட்டில் (பெட்ரோல் வரும் சின்ன ஓட்டை) ஓட்டினால் கலவை மெலிந்து, மிதித்தாலும் இழுக்காது. பழைய ரப்பர் பைப்பும் பெட்ரோல் பம்ப் டயாஃப்ரமும் ஊறிக் கெடும். பைப்பையும் டயாஃப்ரமையும் எத்தனால் தாங்குகிற வகையில் மாற்றி, ஜெட்டை ஒரு அளவு பெரிதாக்கிப் பாருங்கள். கிளட்ச் வழுக்குகிறதா என்பதையும் அதே நாளில் பார்த்துவிடுங்கள். ஏற்றத்தில் எஞ்சின் சத்தம் ஏறி வண்டி நகராவிட்டால் குற்றவாளி கிளட்ச் பிளேட்தான், எஞ்சின் பாவம்.

இதெல்லாம் செய்தும் போதவில்லை என்றால், அந்த மூன்று யோசனைகளுக்கு வருவோம்.

பியூஜோ எக்ஸ்டிபி டீசல், 2112 சிசி, 60 சொச்சம் குதிரைத்திறன். நல்ல நிலையில் இருக்கும் உங்கள் பெட்ரோல் எஞ்சினைவிட இதன் திறனும் குறைவு, இழுவையும் குறைவு. அந்தக் காலத்தில் பலர் இதை மாட்டியது டீசல் செலவு குறைவு என்பதற்காக. பவருக்காக இதை வாங்குவது வீண் செலவு. இசுஸு 1.8 பெட்ரோலுக்கும் அதே 75 குதிரைதான், ஆனால் மேல்சுற்றில் ஓடுகிற கார் எஞ்சின். ஹைவேயில் பறக்க நன்றாக இருக்கும், சேற்று வழியிலிருந்து கரையேற உதவாது.

உண்மையில் இழுவை கூடுவது டிஐ டர்போவில்தான். 2523 சிசி. குதிரைத்திறன் இதற்கும் 60 சொச்சமே, ஆனால் சுமார் 180 நியூட்டன் மீட்டர் 1500 சுற்றின் அருகிலேயே வந்துவிடுகிறது. டெல்டாவில் மலை ஏறப்போவதில்லை, நமக்கு வேண்டியது கீழ்ச்சுற்றில் கிடைக்கும் இந்த இழுவைதான். ஆனால் எஞ்சினை மட்டும் வாங்கினால் பழைய மூன்று கியர் பெட்டி அதைத் தாங்காது. எஞ்சின், கிளட்ச், கியர்பாக்ஸ் மூன்றையும் ஒரே வண்டியிலிருந்து செட்டாக எடுக்க வேண்டும். புரொப்பல்லர் ஷாஃப்டை வெட்டி நீளம் சரிசெய்ய வேண்டும். ரேடியேட்டர், எஞ்சின் மவுண்டிங், முன் ஸ்பிரிங் பட்டை எல்லாம் மாறும். நாலு சக்கரத்திலும் டிரம் பிரேக் இருக்கும் வண்டியில் பிரேக்கைத் தொடாமல் இழுவையை மட்டும் கூட்டுவதை நான் எந்த வீட்டுக்கும் சிபாரிசு செய்ய மாட்டேன்.

சட்டம் இன்னும் பெரிய தடை. மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52-ன்படி, கம்பெனி கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதையே உறுதிசெய்தது. அனுமதியில்லாத மாற்றத்துக்கு பிரிவு 182-ஏ படி ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறையும் விதிக்கலாம். ஆர்சியில் பெட்ரோல், வண்டியில் டீசல் என்று இருந்தால் விபத்தின்போது இன்சூரன்ஸ் கம்பெனி கைகழுவ அது ஒன்றே போதும். "அப்புறம் பார்த்துக்கலாம்" என்று மெக்கானிக் சொல்வார், ஆனால் ஆர்சி அவர் பெயரில் இல்லையே. ஆர்டிஓ அலுவலகத்தில் எழுத்து மூலம் கேட்டு அனுமதி கையில் வந்த பிறகுதான் முன்பணம் கொடுக்க வேண்டும்.

இன்னொன்று. உங்கள் வண்டிக்கு 50 வயது தாண்டிவிட்டது. 2021-ல் வந்த விதிகளின்படி விண்டேஜ் பதிவு வாங்கலாம், ஆனால் சேசிஸ், பாடி, எஞ்சின் மாறாமல் இருக்க வேண்டும், அன்றாட ஓட்டத்துக்கும் பயன்படுத்தக் கூடாது. நெல் ஏற்றுகிறவரை அது உங்களுக்கு ஒத்துவராது. ஆனால் பின்னால் பிள்ளைகள் அதை விரும்பலாம். எந்த முடிவெடுத்தாலும் பழைய எஞ்சினை எடைக்குப் போட்டுவிடாதீர்கள்.

என் யோசனை: சிலிண்டரைப் போர் அடித்து (உட்சுவரைக் கடைந்து), பிஸ்டன் மாற்றி, வால்வு வேலை முழுதாகப் பார்த்து இதே எஞ்சினை மீட்டெடுங்கள். பிளாக் வெடித்திருந்தால் மட்டும் இதே வகை இன்னொரு எஞ்சினைத் தேடுங்கள். அனுமதி கேட்கவும் அதுதான் சுலபம். பழைய உதிரிபாகம் விற்கும் சென்னை புதுப்பேட்டையானாலும் உள்ளூர் பட்டறையானாலும் எஞ்சின் நம்பர் போட்ட பில்லும், அது கழற்றப்பட்ட வண்டியின் ஆர்சி நகலும் இல்லாமல் வாங்கக் கூடாது. நம்பர் இருக்கும் இடம் அரம் போட்டதுபோல் பளபளத்தால் திரும்பி வந்துவிடுங்கள். வெள்ளத்தில் மூழ்கிய எஞ்சின்களும் சந்தைக்கு வருகின்றன. செல்ஃப் மோட்டாரைக் கழற்றச் சொல்லி, அந்த ஓட்டையில் விரல் விட்டு பெல் ஹவுசிங் (கிளட்ச்சை மூடியிருக்கும் கூடு) உள்ளே தடவிப் பாருங்கள். வெளியே எவ்வளவு கழுவிப் பெயின்ட் அடித்திருந்தாலும் வண்டல் அங்கே ஒட்டிக்கொண்டிருக்கும்.

கேள்வி: மன்னார்குடியில் பட்டறை ஒன்றில் என் ஜீப் எஞ்சினுக்கு முழு வேலை பார்த்தேன். ஒரு மாதத்தில் ஜாம் ஆகிவிட்டது. பில் தரவில்லை, பணம் போன் வழியாக அனுப்பினேன். கேட்டால் "ஆயில் பார்க்காம ஓட்டிட்டீங்க" என்கிறார்கள். ஏதாவது வழி உண்டா?

பதில்: உண்டு. பணம் அனுப்பிய பதிவே சாட்சி, வாட்ஸ்அப் பேச்சும் சாட்சி. எஞ்சினை அந்தப் பட்டறையிலேயே மறுபடி பிரிக்க விடாதீர்கள். வேறொரு மெக்கானிக்கிடம் வீடியோ எடுத்தபடி பிரித்து, பேரிங் எப்படி இருக்கிறது, ஆயில் வழி அடைத்திருக்கிறதா என்று எழுதி வாங்குங்கள். பிறகு ஸ்பீட் போஸ்டில் ஒரு நோட்டீஸ். பதில் இல்லாவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம், அல்லது நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்கே போகலாம். ஐந்து லட்சம் வரையிலான விவகாரத்துக்குக் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை. பிரச்சினை நடந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் மனு போட்டாக வேண்டும்.