நடை சாத்தியிருக்கும் நாளில் வந்து இறங்கும் விருந்தினர்

கேள்வி: மதுரை ரயில் நிலையத்துக்கு எதிரே, மேலப்பெருமாள் மேஸ்திரி வீதிப் பக்கம் உள்ள ஒரு நடுத்தர ஹோட்டலில் ரிசப்ஷனில் வேலை பார்க்கிறேன். சொந்த ஊர் உசிலம்பட்டிப் பக்கம். தங்க வருகிறவர்கள் சாவி வாங்கும்போதே, "இங்கே என்ன பார்க்கலாம், இன்றைக்கு ஏதாவது விசேஷமா?" என்று கேட்கிறார்கள். தெரிந்ததைச் சொன்னால் சந்தோஷப்படுகிறார்கள். எனக்கும் அது பிடித்திருக்கிறது. மேலாளரோ, "சாவி, பில், அடையாள அட்டை நகல், இதோடு நிறுத்திக்கொள். நீ அனுப்பிய இடத்தில் ஏதாவது நடந்தால் பழி ஹோட்டலுக்கு" என்கிறார். இரவுப் பணியில் இருக்கும் மூத்தவர், கமிஷன் தரும் கடைகளுக்கே எல்லோரையும் அனுப்பச் சொல்கிறார். என் ஆங்கிலமும் சுமார்தான். பேசாமல் இருந்துவிடலாமா?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி, மதுரை

பதில்:

பேசுங்கள், சகோதரி. ஆனால் இப்போது பேசுவதில் பாதியைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

உங்களிடம் அவர்கள் கேட்பது இரண்டு கேள்விகள். "என்ன பார்க்கலாம்" என்பதற்கு விடை அவர்கள் கைப்பேசியிலேயே இருக்கிறது. மீனாட்சி அம்மன் கோயில், திருமலை நாயக்கர் மகால், காந்தி அருங்காட்சியகம் என்று ரயிலிலேயே படித்துவிட்டுத்தான் இறங்குகிறார்கள். அதையே நீங்களும் ஒப்பித்தால் இரண்டு பேருக்கும் நேரம் வீண். "இன்றைக்கு என்ன" என்ற கேள்விக்குத்தான் மதுரையில் இருக்கிற ஆள் வேண்டும். உங்கள் முழு கவனமும் அதில் இருக்கட்டும்.

தை மாதத் தெப்பத் திருவிழாவை எடுத்துக்கொள்ளுங்கள். அன்று அதிகாலையிலேயே மீனாட்சியும் சுந்தரேசுவரரும் வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளத்துக்குப் புறப்பட்டுவிடுவார்கள். அவர்கள் இரவில் திரும்பும்வரை பெரிய கோயிலில் நடை சாத்தியிருக்கும். ஆவணி மூலத் திருவிழாவில் புட்டுக்கு மண் சுமந்த லீலைக்காகப் புட்டுத்தோப்புக்குப் போகிற நாளிலும், பங்குனியில் மகனுடைய திருக்கல்யாணத்துக்குத் திருப்பரங்குன்றம் போகிற நாளிலும் இதே கதைதான். மதுரைக்காரர்களுக்கு இதில் ஆச்சரியமே இல்லை. வீட்டுக்காரர்கள் விசேஷத்துக்குப் போனால் கதவு பூட்டித்தானே இருக்கும்! ஆனால் புனேயிலிருந்து ஒரே ஒரு பகலை மதுரைக்கென்று ஒதுக்கிக்கொண்டு, மறுநாள் ராமேஸ்வரம் போகவிருக்கும் குடும்பத்துக்கு இது எப்படித் தெரியும்? சித்திரை வீதிவரை போய், சாத்திய கதவைப் பார்த்துவிட்டு, வெயிலில் திரும்பி வந்து உங்கள் மேசை முன்னால்தான் நிற்பார்கள்.

அந்தக் காலைப் பொழுதில் நீங்கள் சொல்ல வேண்டியது நான்கு வரிதான். "இன்று சுவாமி கோயிலில் இல்லை. மாலையில் தெப்பக்குளத்துக்குப் போங்கள், விளக்கொளியில் தெப்பத்தை வடம் பிடித்து இழுப்பார்கள். இருட்டுவதற்கு முன்பே போனால்தான் இடம் கிடைக்கும். நாளை காலை 6 மணிக்குக் கோயிலைப் பார்த்துவிட்டு ரயிலுக்குப் போகலாம்." ஆண்டுக்கு ஒருமுறை வரும் காட்சி அவர்களுக்குக் கிடைத்துவிடும். கோயிலும் கைவிட்டுப் போகாது.

இந்த மாதிரி விவரத்துக்கு எங்கே போவது என்று மலைக்க வேண்டாம். உங்கள் மேசைக்குப் பின்னால் தொங்கும் தினசரி காலண்டரே பாதி வேலையைச் செய்துவிடும். நாளை முகூர்த்த நாள் என்றால் மாட்டுத்தாவணி பூ மார்க்கெட் இன்று அதிகாலையிலேயே களைகட்டும். படம் எடுக்கும் ஆசையுள்ளவர்களை அங்கே அனுப்பலாம். பிரதோஷம் என்றால் மாலையில் கோயிலில் வரிசை நீளும். மீதிப் பாதிக்கு, நாளிதழின் மதுரைப் பக்கம், கோயில் அறிவிப்புகள், போக்குவரத்துக் காவல்துறையின் மாற்றுப் பாதை அறிவிப்பு, வாசலில் நிற்கும் ஆட்டோக்காரர். ஒரு நோட்டு வாங்கி, நாளுக்கு ஒரு பக்கம் எழுதுங்கள். பணி மாறும்போது அடுத்தவர் அதைப் படித்துவிட்டு உட்காரட்டும்.

பழைய தகவலைப் புதிதுபோல் சொல்லிவிடக் கூடாது. கோயிலுக்கு எதிரே உள்ள புதுமண்டபத்தில் தூண்களுக்கு நடுவே தையற்காரர்கள் உட்கார்ந்து தைப்பார்கள் என்று வெளிநாட்டுப் பயணிகள் இன்னும் கேட்டுக்கொண்டு வருகிறார்கள். அந்தக் கடைகளைக் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றியாகிவிட்டது. புதிய பாம்பன் பாலம் 2025 ஏப்ரலில் திறக்கப்பட்ட பிறகும், ராமேஸ்வரத்துக்கு மண்டபத்தில் இறங்கி பஸ் பிடிக்க வேண்டும் என்று வழி சொல்பவர்கள் இருக்கிறார்கள். நாயக்கர் மகாலில் ஒலி ஒளிக் காட்சி இன்று உண்டா என்று யாராவது கேட்டால், உண்டு என்று வாய் தவறியும் சொல்லாதீர்கள். காலையிலேயே தொலைபேசியில் கேட்டு நோட்டில் குறித்திருந்தால் மட்டும் சொல்லுங்கள்.

சுவாமி வெளியே போகும் விசேஷ நாட்களை விட்டுவிட்டால், பெரிய கோயிலைப் பற்றிய நடைமுறைகள் மட்டும் தினமும் ஒன்றுதான், அவை மனப்பாடமாக இருக்கட்டும். மதியம் 12.30 மணிக்கு நடை சாத்தினால் மாலை 4 மணிக்குத்தான் திறப்பார்கள். கைப்பேசிக்கும் கேமராவுக்கும் உள்ளே அனுமதி இல்லை. அறையிலேயே வைத்துவிட்டுப் போனால் வரிசை ஒன்று மிச்சம். அரைக்கால் சட்டையோடு போனால் திருப்பி அனுப்புவார்கள். இந்து அல்லாதவர்கள் கருவறைப் பக்கம் போக முடியாது என்பதை நீங்களே முன்கூட்டிப் பக்குவமாகச் சொல்லிவிடுங்கள். வாசலில் காவலர் சொல்லிக் கேட்பதைவிட அது நல்லது. அப்படிப்பட்டவர்களுக்கு இரவு 9 மணிக்கு மேல் நடக்கும் பள்ளியறைப் புறப்பாட்டைச் சொல்லுங்கள். சுந்தரேசுவரரைப் பல்லக்கில் அம்மன் சந்நிதிக்கு எடுத்துச் செல்வதைப் பிராகாரத்தில் நின்றே பார்க்கலாம். கூட்டமும் பகல் அளவுக்கு இருக்காது.

உங்கள் ஹோட்டலுக்குப் பக்கத்திலேயே இருக்கும் ஒன்றை நீங்களே கவனித்திருக்கிறீர்களோ என்னவோ. 1921 செப்டம்பர் 22 அன்று காந்தி முழு உடையைத் துறந்து அரையாடைக்கு மாறியது மேலமாசி வீதியில் ஒரு வீட்டில் தங்கியிருந்தபோதுதான். அங்கே இப்போது கதர்க் கடை இருக்கிறது. 1948-இல் சுடப்பட்டபோது அவர் உடுத்தியிருந்த, ரத்தக்கறை படிந்த துணி தமுக்கம் பக்கம் ராணி மங்கம்மாள் அரண்மனையில் உள்ள காந்தி அருங்காட்சியகத்தில் இருக்கிறது. குஜராத்திலிருந்து வருகிறவர்களிடம் இந்த இரண்டையும் சேர்த்துச் சொல்லிப் பாருங்கள். மாலை ஜவுளி வாங்கும் திட்டத்தைத் தள்ளிவைத்துவிட்டுப் போவார்கள்.

இனி உங்கள் மேலாளர். அவர் பயப்படுவதில் பாதி நியாயம். 2022 சித்திரைத் திருவிழாவில் அழகர் வைகையில் இறங்கியபோது நெரிசலில் சிக்கி இருவர் உயிரிழந்தார்கள். அப்படிப்பட்ட இடத்துக்கு, "போய்ப் பாருங்கள், அருமையாக இருக்கும்" என்று மொட்டையாகச் சொல்லி அனுப்புவது தவறுதான். ஆனால் வாயைத் திறக்காமல் இருப்பதும் பாதுகாப்பல்ல. நீங்கள் சொல்லாவிட்டாலும் அவர்கள் போகத்தான் போகிறார்கள், என்ன நடக்கிறது என்று தெரியாமல் போவார்கள். கைக்குழந்தையோடும் வயதானவர்களோடும் ஆற்றுக்குள் இறங்க வேண்டாம், கோரிப்பாளையம் பக்கம் எந்த வண்டியும் போகாது, பிரிந்துவிட்டால் சந்திக்க ஓர் இடத்தை இப்போதே பேசிக்கொள்ளுங்கள் என்று சொல்வதும் ரிசப்ஷன் வேலைதான். அவர்களில் சிலருக்குத் தேரோட்டமே பொருத்தமாக இருக்கும். மாசி வீதிகளில் தேர் வருவதை ஓரமாக நின்று பார்த்துவிட்டு அறைக்கு நடந்தே திரும்பலாம். அன்று காலை அறையைக் காலி செய்கிறவர்களிடம் முந்தின இரவே ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள்: ஆட்டோ வராது, ரயில் நிலையம் நடக்கிற தூரம்தான், பெட்டி தூக்க ஆள் வேண்டுமா என்று.

ஜல்லிக்கட்டுக்கும் அப்படித்தான். பொங்கலன்று அவனியாபுரம், மாட்டுப் பொங்கலன்று பாலமேடு, அதற்கடுத்த நாள் அலங்காநல்லூர். வெளிநாட்டவர் கேட்டால் சுற்றுலாத் துறை அலுவலகத்தைக் கைகாட்டுங்கள். அவர்களுக்கென்று தனி மேடை அங்கே ஏற்பாடு செய்கிறார்கள். வாடிவாசலைவிட, காளைகள் ஓடி வெளியேறி உரிமையாளர் பிடிக்கும் இடத்தில்தான் வேடிக்கை பார்ப்பவர்கள் அடிபடுகிறார்கள். அந்தப் பக்கம் போகவே கூடாது என்று அழுத்திச் சொல்லுங்கள்.

கமிஷன் விஷயத்தில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை. கோபுரத்தை மொட்டை மாடியிலிருந்து இலவசமாகப் பார்க்கலாம் என்று அழைத்துப்போய், கீழே இறங்கும்போது கம்பளமும் கைவினைப் பொருளும் தலையில் கட்டும் கடைகள் கோயிலைச் சுற்றி இருப்பது உங்களுக்கும் தெரியும். அங்கே அனுப்பினால் ஒருநாள் செலவுக்குக் காசு கிடைக்கும். அதன்பிறகு நீங்கள் தெப்பம் என்றாலும் தேர் என்றாலும், இதில் இந்தப் பெண்ணுக்கு என்ன கிடைக்கிறது என்றுதான் அந்த விருந்தினர் யோசிப்பார். மூத்தவரோடு சண்டை போட வேண்டாம், அவர் பணி நேரம் அவருடையது. உங்கள் நேரத்தில் சுங்குடிச் சேலை எங்கே வாங்கலாம் என்று கேட்டால், ஒரு கடையின் பெயரைச் சொல்லாமல் வீதியைச் சொல்லி, இரண்டு மூன்று கடையில் விலை கேளுங்கள் என்று சொல்லி அனுப்புங்கள்.

சாப்பாட்டில் கொஞ்சம் கவனம் தேவை. வடநாட்டுச் சைவக் குடும்பங்கள் பெயரில் தோசை இருப்பதை நம்பிக் கறிதோசை கேட்டுவிடுவார்கள். அது ஆட்டுக்கறி என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஜிகர்தண்டாவில் கடல்பாசி போடுகிறார்களாமே, அது மீன் வகையா என்று கேட்பவர்களும் உண்டு. பாசி தாவரம்தான், பயமில்லாமல் குடிக்கலாம். உங்கள் ஹோட்டல் உணவகத்தை விட்டுவிட்டு வெளியே அனுப்புகிறாய் என்று மேலாளர் முகம் சுளித்தால், காலை உணவை உள்ளேயும் நள்ளிரவு இட்லியை வெளியேயும் என்று பங்கு பிரித்துக்கொள்ளுங்கள். தூங்கா நகரத்தில் இரவு பதினொன்றுக்கு வருகிறவருக்கு உங்கள் சமையலறையும்தான் திறந்திருக்காதே.

ஆங்கிலத்துக்காகக் கூச வேண்டாம். இடத்தின் பெயர், நேரம், எப்படிப் போவது, எத்தனை மணிக்குத் திரும்ப வேண்டும். இந்த நான்கையும் துண்டு வாக்கியமாகச் சொன்னால் போதும், யாரும் இலக்கணம் பார்ப்பதில்லை. அதைவிடப் பயன்படுவது ஒரு சீட்டு: முன்பக்கம் போகிற இடத்தின் பெயரைத் தமிழில் எழுதுங்கள், பின்பக்கம் ஹோட்டலின் பெயர், வீதி, தொலைபேசி எண் தமிழில் அச்சாகியிருக்கட்டும். ஆட்டோக்காரரிடம் நீட்டினால் போகவும் வரவும் அதுவே போதும். கைப்பேசியை அறையில் வைத்துவிட்டுக் கோயிலுக்குப் போனவர் வழி தெரியாமல் நிற்கும்போது அந்தச் சீட்டுதான் கைகொடுக்கும்.

நீங்கள் எழுதவில்லை, ஆனாலும் நானே சொல்லிவிடுகிறேன். அன்பாகப் பேசுகிற பெண்ணிடம், "வேலை முடிந்ததும் நீங்களே கூட வந்து காட்டுங்களேன்" என்று கேட்கிறவர்கள் வருவார்கள். எல்லோரும் தப்பான எண்ணத்தோடு கேட்பதில்லை, ஆனாலும் பதில் எல்லோருக்கும் ஒன்றாகவே இருக்கட்டும்: "ஊழியர்கள் வெளியே வருவதில்லை, அரசு உரிமம் பெற்ற வழிகாட்டி இருக்கிறார், எண் தருகிறேன்." உங்கள் சொந்த எண்ணை யாருக்கும் தராதீர்கள். அதேபோல், எந்த அறைக்காரர் எங்கே போயிருக்கிறார், எப்போது வருவார் என்பதை இன்னொரு விருந்தினரிடமோ வந்து விசாரிப்பவரிடமோ சொல்லவே கூடாது. ஊரைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம், தங்கியிருப்பவரைப் பற்றி ஒரு வார்த்தையும் கூடாது.

மேலாளரிடம் வாதாடப் போகாதீர்கள். அடுத்த வாரத்துக்கான ஏழு பக்கங்களை எழுதி, அவர் மேசையில் வைத்து, வேண்டாதவற்றை அடித்துத் தரச் சொல்லுங்கள். அடித்தது போக மிஞ்சியதை மட்டும் சொல்லுங்கள். அப்போது அது உங்கள் சொந்தப் பேச்சாக இராது, ஹோட்டலின் பேச்சாகிவிடும். எல்லாவற்றையும் அடித்துவிட்டார் என்றால், நடை திறக்கும் நேரத்தையும் வீதி அடைப்பையும் சொல்ல மட்டுமாவது அனுமதி கேளுங்கள். அந்த இரண்டையும் சொல்லாத நாளில் ரிசப்ஷனுக்கு வரும் சண்டை எப்படிப்பட்டது என்று அவருக்கு நீங்கள் விளக்க வேண்டியிருக்காது.