புலிக்கு இனிஷியல் உண்டா?

கேள்வி: காந்தி, அண்ணா, வாஜ்பாய் என்று எத்தனையோ தலைவர்கள் பிள்ளைகளைத் தத்தெடுத்து வளர்த்திருக்கிறார்கள். அந்தப் பெருந்தன்மையை இன்றைய தலைவர்களிடம் காணோமே, ஏன்?
- ஒரு வாசகர்

பதில்: காணோம் என்று யார் சொன்னது? இன்றைக்குத்தான் தத்தெடுப்பு தாராளமாக நடக்கிறது. 2014-இல் வந்த திட்டத்தில் எம்.பி.க்கள் ஆளுக்கொரு கிராமத்தைத் தத்தெடுத்தார்கள். வண்டலூரில் பணம் கட்டினால் புலியையே தத்தெடுக்கலாம். புலி உங்கள் வீட்டுக்கு வராது, உங்கள் இனிஷியலைப் போட்டுக்கொள்ளாது, சொத்தில் பங்கும் கேட்காது. கிராமமும் ஏறக்குறைய அப்படித்தான். ஒரே வித்தியாசம், புலிக்குத் தீனி நேரத்துக்கு வந்துவிடும். இதில் வேடிக்கை, அந்த உயிரியல் பூங்காவுக்கு அண்ணாவின் பெயர்.

வடமொழியில் ‘தத்தம்’ என்றால் கொடுக்கப்பட்டது. அதிலிருந்து வந்ததுதான் ‘தத்து’ என்று முன்பு இதே பக்கத்தில் எழுதி, ஒரு தமிழாசிரியரிடம் ஆறு பக்கக் கடிதத்தில் வாங்கிக் கட்டிக்கொண்டேன். தமிழில் தத்துதல் என்றால் தாவுதலாம். சரி ஐயா, அப்படியே இருக்கட்டும். தேர்தலுக்குத் தேர்தல் கட்சி தத்துகிறவர்களுக்கு அந்தப் பொருள் கச்சிதமாகப் பொருந்துகிறது. எனக்குப் பிடித்ததென்னவோ செட்டிநாட்டார் சொல்லும் ‘பிள்ளை கூட்டுதல்’. அதில் எடுப்பதும் இல்லை, கொடுப்பதும் இல்லை. வீட்டில் ஒரு தலை கூடுகிறது, அவ்வளவுதான்.

1956-ஆம் வருட இந்து தத்தெடுப்புச் சட்டம் இவ்வளவு இளகிய மனதுள்ளது அல்ல. தத்துப் போன பிள்ளைக்குப் பிறந்த வீட்டு உறவு அன்றோடு அறுந்தது என்கிறது. அக்கா மகனைத் தம்பி தத்தெடுத்தால், பெற்ற அக்கா சட்டப்படி அந்தப் பிள்ளைக்கு அத்தை! தீபாவளிக்கு அதே வீட்டுக்கு அதே பலகாரத் தூக்கோடு வருகிறவளைப் பிள்ளை என்னவென்று கூப்பிடும்? நம் குடும்பங்கள் பெரும்பாலும் பத்திரத்தை நாடாமல் வளர்ப்பதோடு நிறுத்திக்கொண்டதற்கு இந்தச் சங்கடமும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

உங்கள் கேள்வியில் எனக்கு உறுத்துவது ‘வளர்த்திருக்கிறார்கள்’ என்பது. யார் வளர்த்தது? அகமதாபாத்தில் காந்தி தொடங்கிய கொச்சரப் ஆசிரமத்துக்கு 1915-இல் தூதாபாய் குடும்பத்தோடு வந்த கைக்குழந்தை லட்சுமி. தீண்டத்தகாதவர்கள் என்று ஊர் ஒதுக்கிய அந்தக் குடும்பத்தைச் சேர்த்ததால் ஆசிரமத்துக்கு நன்கொடை நின்றுபோனது. கஸ்தூரிபாவுக்கே முதலில் சம்மதமில்லை. பிற்பாடு லட்சுமியைத் தன் மகள் என்றார் காந்தி. சொன்னது அவர். அவர் ஊர் ஊராகப் போனபோது ஆசிரமத்து அடுப்படியைப் பார்த்துக்கொண்டது? அண்ணா - ராணி அம்மாள் தம்பதிக்குப் பிள்ளையில்லை. அண்ணாவின் அக்கா வழிப் பேரப்பிள்ளைகள் அந்த வீட்டில் வளர்ந்தார்கள். அண்ணாவோ வாரத்தில் பாதி நாள் மேடையில். அப்புறம் கணக்கு உங்களுக்கே தெரியும். வாஜ்பாய் கல்யாணமே செய்துகொள்ளாதவர். அவருடைய வளர்ப்பு மகள் நமிதாவுக்கும் பெற்ற தாய் ஒருத்தி உண்டு. அவரும் அதே வீட்டில்தான் இருந்தார். 2018-இல் வாஜ்பாயின் சிதைக்குத் தீ மூட்டியவர் நமிதா.

தலைவர்கள் வளர்த்த பிள்ளைகளைக் கேட்கிறீர்கள். தலைவர்களை வளர்த்தவர்களை ஒருவரும் கேட்பதில்லை. அம்மா போன பிறகு சிறுவன் அம்பேத்கரைப் பார்த்துக்கொண்டது அத்தை மீராபாய். ஒன்றரை வயதில் அப்பாவை இழந்த லால் பகதூர் சாஸ்திரி வளர்ந்தது அம்மா வழித் தாத்தா வீட்டில். அண்ணாவைப் பெற்றவர் பங்காரு அம்மாள். வளர்த்தவர் சித்தி ராஜாமணி அம்மாள். நாடே அண்ணா என்று அழைத்த மனிதர் அந்தச் சித்தியை அழைத்தது ‘தொத்தா’ என்று.

தமிழாசிரியர் ஐயா ‘தொத்தா’வுக்கு வேர்ச்சொல் கண்டுபிடித்து எழுதட்டும். இந்த முறை ஆறு பக்கத்தையும் வெட்டாமல் போடுகிறேன்.