டிஜிட்டல் தராசா, கோல் தராசா?

கேள்வி: அமெரிக்காவில், டெக்சாஸில் இருக்கிறேன். சுட்ட தோட்டாக்களின் காலிக் கூடுகளில் (கேஸ்) மறுபடி வெடிமருந்து நிரப்பும் ரீலோடிங்கை முறையாகத் தொடங்கப் போகிறேன். .308 ரைஃபிள், 9 மி.மீ. பிஸ்டல் இரண்டும் உண்டு. இப்போதைக்கு ஒரு தராசு வாங்கத்தான் பணம். எது வாங்கலாம்?

பதில்: கோல் தராசு (பீம் ஸ்கேல்) வாங்குங்கள். அதோடு சோதனை எடைக்கற்கள் ஒரு செட். கற்கள் இல்லாமல் எந்தத் தராசையும் நம்பி மருந்து போடாதீர்கள்.

ஒரு கிரெய்ன் என்பது 64.8 மில்லிகிராம். ரைஃபிள் கேஸில் 40 கிரெய்ன் போடும்போது 0.3 கிரெய்ன் கூடினால் பிழை முக்கால் சதவீதம். பிஸ்டல் கேஸில் 4 கிரெய்ன் போடும் இடத்தில் அதே 0.3, ஏழரை சதவீதம் ஆகிவிடும். துப்பாக்கியில் தோட்டா உட்காரும் அறைக்குள் அழுத்தம் அதைவிட வேகமாக ஏறும். ஆகவே தராசின் பிழை உங்களை முதலில் சோதிப்பது 9 மி.மீ.யில்தான்.

விலை குறைந்த டிஜிட்டல் தராசுக்குள் இருப்பது லோட் செல், அதாவது எடையை மின் அளவாக மாற்றும் உணரி. அறையின் சூடு மாறினால் அதன் பூஜ்யம் நகரும். மின்விசிறிக் காற்று, டியூப்லைட், பக்கத்தில் வைத்த கைபேசி இவையும் எண்ணை ஆடவைக்கும். அரை மணி நேரம் முன்பே ஆன் செய்து வைத்தால் பாதித் தொல்லை குறையும். குறையாத தொல்லை ஒன்று உண்டு. பூஜ்யம் நகர்வதைத் தானே திருத்திக்கொள்ளும்படி பல தராசுகளை அமைத்திருக்கிறார்கள். மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொட்டும் டிரிக்லர் கருவியிலிருந்து துகள் துகளாக மருந்து விழும்போது, அந்த மெல்லிய ஏற்றத்தையும் நகர்வு என்று எண்ணி விழுங்கிவிடும். திரையில் எண் நிற்கும், தட்டில் மருந்து கூடிக்கொண்டிருக்கும். டிஜிட்டல் வைத்திருப்பவர்கள் தட்டைத் தூக்கி மறுபடி வைத்துப் படிக்க வேண்டும். தட்டைத் தூக்கியதும் வரும் மைனஸ் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அது மாறினால் பூஜ்யம் நகர்ந்துவிட்டது.

கோல் தராசுக்கு மின்சாரம் வேண்டாம், பூமியின் ஈர்ப்பு போதும். அதில் தவறு வருவது பெரும்பாலும் கையால். கோலின் மேல் நகர்த்தி வைக்கும் பெரிய எடை ஒரு பள்ளம் தள்ளி உட்கார்ந்தால், தராசைப் பொறுத்து 5 அல்லது 10 கிரெய்ன் மாறிவிடும். பள்ளத்தில் முழுதாக இறங்கியதா என்று விரலால் தொட்டுப் பாருங்கள். முள்ளைக் கண் மட்டத்தில் வைத்துத்தான் படிக்க வேண்டும். மேலிருந்து பார்த்தால் பொய் சொல்லும்.

கேள்வி: என் பழைய கோல் தராசு ஒவ்வொரு முறையும் வேறு இடத்தில் நிற்கிறது. தூக்கிப் போட்டுவிடலாமா?

பதில்: வேண்டாம். கோலைத் தாங்கும் கத்திமுனை உட்காரும் அகேட் என்ற கடினக் கற்களைப் பஞ்சுக்குச்சியில் ஆல்கஹால் தொட்டுத் துடையுங்கள். எண்ணெய் போடவே கூடாது, தூசியைப் பிடித்துக்கொள்ளும். அடுத்து, கோலின் ஆட்டத்தை அடக்கும் காந்தங்கள். அவற்றில் ஒட்டிய இரும்புத்தூள் செம்புத் தகட்டில் உரசினால் கோல் மாட்டிக்கொள்ளும். ஒட்டும் டேப்பால் எடுத்துவிடலாம். பிறகு நீங்கள் போடும் மருந்தின் எடைக்கு நெருக்கமான சோதனைக் கல்லை இடுக்கியால் எடுத்து வையுங்கள். விரலால் தொட்டால் எண்ணெய்ப் பசை எடையாகிவிடும். ஐந்து முறை வைத்தெடுத்தும் முள் ஒரே இடத்துக்கு வந்தால் தராசு நன்றாக இருக்கிறது. வராவிட்டால் கத்திமுனை மழுங்கியிருக்கலாம். அப்போது வேறு தராசு பாருங்கள்.