தூருக்கடியில் தேங்காயும் மாசியும்

கேள்வி: எனக்குச் சொந்த ஊர் மதுரைப் பக்கம். கல்யாணமாகி இலங்கை மலைநாட்டில் பண்டாரவளைக்கு வந்து இரண்டு வருடமாகிறது. யாராவது ஆசை வார்த்தை சொன்னால் என் மாமியார், "ஆமா, தேயிலைத் தூருல தேங்காயும் மாசியும் கெடக்கு" என்கிறார். மாசி மாதத்துக்கும் தேயிலைக்கும் என்ன சம்பந்தம் ஐயா?

பதில்: மாதம் இல்லை மகளே, மீன். சூரையை அவித்து, புகை காட்டி, கட்டை போல இறுகும்வரை காயவைத்தது. மாலைதீவிலிருந்து வருகிற சரக்கு. உங்கள் மாமியார் சம்பலில் இடித்துப் போடுகிறாரே, அதேதான்.

இந்தப் பேச்சு பிறந்தது இங்கே இல்லை, உங்கள் பக்கத்தில். தோட்டத்துக்கு ஆள் கட்டப் போன கங்காணிமார் திருச்சி, சேலம், மதுரை, இராமநாதபுரம் என்று ஊர் ஊராகப் போய், "கண்டிச் சீமையில தேயிலைத் தூரத் தோண்டினா தேங்காயும் மாசியும் கெடைக்கும்" என்று சொன்னார்களாம். அப்படி ஒரு சீமை எங்கேயும் இல்லை. ஆனால் மழை பொய்த்துக் கஞ்சிக்கும் வழியில்லாதவர்கள் காதில் அது எப்படி விழுந்திருக்கும்! 1876இல் தொடங்கிய தாது வருஷப் பஞ்சத்தில் செத்தவர்கள் லட்சக்கணக்கில்.

என் கணிப்பில் இந்த ஆசைப் பேச்சு தேயிலையைவிடப் பழசு. கண்டிப் பக்கத்து லூல்கந்துரைத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெயிலர் தேயிலை போட்டது 1867இல். அதற்குப் பல வருடம் முன்பிருந்தே நம் சனம் கோப்பி (காப்பி)த் தோட்டத்துக்கு வந்துகொண்டிருந்தது. கோப்பியில் நோய் விழுந்து எல்லா மலையும் தேயிலையாக மாறியபோது, பேச்சிலும் தூர் மாறியிருக்க வேண்டும்.

என் அப்பாயியின் அம்மா மன்னாரில் இறங்கி, காட்டு வழியாக மாத்தளை வரை நடந்து வந்தவர். தோட்டத்துக்கு வந்த மறுநாள் விடியக்காலையில், யாரும் பார்க்காத நேரமாகப் பார்த்து, லயம் என்கிற வரிசை வீடுகளுக்குப் பின்னால் ஒரு செடியின் அடியைக் கையாலேயே கிளறினாராம். காலில் அட்டை ஏறியதுதான் மிச்சம். அப்பாயி இதைச் சொல்லும்போது ஒரு நாளும் சிரித்ததில்லை. நானும் சிரித்ததில்லை.

அந்தத் தூரை நான் கிட்டத்திலிருந்து பார்த்திருக்கிறேன். அப்பா கவ்வாத்து வெட்டும்போது செடி முழங்கால் உயரத்துக்கு வந்துவிடும். அப்போதுதான் அடி தெரியும். கணுக்கால் பருமனில் முறுக்கேறி, வெள்ளைப் பாசி படிந்து, சுற்றிலும் ஈரச் சருகு. வெட்டிய மிலாரை, அதாவது குச்சிகளை, அம்மா விறகுக்குக் கட்டித் தலையில் தூக்கி வருவார். தூருக்கடியிலிருந்து எங்கள் வீட்டுக்கு வந்தது அது ஒன்றுதான்.

இன்னொன்றையும் கவனியுங்கள். நுவரெலியாக் குளிரில் தென்னை காய்க்காது. தேங்காய் குருநாகல் பக்கமிருந்து மேலே ஏற வேண்டும், மாசி கடல் தாண்டி வர வேண்டும். இரண்டையும் மலையில் காசு கொடுத்துத்தான் வாங்க முடியும். அந்தக் காசுதான் கையில் நிற்காது. வழிச்செலவு கடன், தோட்டத்தில் அளந்து கொடுத்த அரிசிக்கும் சம்பளத்தில் பிடிப்பு. வேறு தோட்டத்துக்குப் போக நினைத்தால், கடன் இவ்வளவு என்று எழுதிய 'துண்டு' வேண்டும். அந்தத் துண்டு முறையை ஒழித்ததே 1921இல்தான்.

அதனால் உங்கள் மாமியார் சொல்வதை வெறும் கிண்டல் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். போன வருடம் எங்கள் லயத்துக்கு ஒரு தரகர் வந்தார். வெளிநாட்டில் லேசான வீட்டு வேலை, கைநிறையச் சம்பளம் என்று ஒரு பிள்ளையிடம் அடுக்கினார். ஒப்பந்தத்தைக் காட்டச் சொன்னால் காட்டவில்லை. வாசலில் கொழுந்துக் கூடையை இறக்கிக்கொண்டிருந்த அந்தப் பிள்ளையின் அம்மா, "தேங்காய் மாசிக் கதையெல்லாம் எங்க பாட்டிகிட்டயே சொல்லியாச்சு, நீங்க போயிட்டு வாங்க" என்றார். அப்புறம் அந்தத் தரகர் எங்கள் பக்கம் வரவில்லை.

உங்கள் மாமியார் குடும்பத்தில் முதலில் கடல் தாண்டி வந்தது யார் என்று கேட்டுப் பாருங்கள். அவர் சொல்வதை அப்படியே எழுதி எனக்கு அனுப்புங்கள் மகளே.