நெஞ்சு படபடக்கும்போது மூளை காரணம் தேடும்
கேள்வி – பதில்

மேடை ஏறும் முன் வயிற்றைக் கலக்குகிறது, நாக்கு ஒட்டிக்கொள்கிறது. பயம் மனதில்தானே? வயிறு ஏன் நடுவில் வருகிறது?
– கல்லூரி மாணவி, தேனி

மூளைக்குள், காதுக்கு நேர் உள்பக்கமாக, பாதாம் பருப்பு வடிவில் அமிக்டலா இருக்கிறது. அது 'ஆபத்து' என்று குறித்த மறுகணம், மூளையின் அடிப்பகுதியில் உள்ள ஹைப்போதலாமஸ் வழியாக, உடலை அவசரத்துக்குத் தயார்ப்படுத்தும் பரிவு நரம்புகள் முடுக்கிவிடப்படுகின்றன. சிறுநீரகத்தின் மேல் தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பி அட்ரினலினைக் கொட்டுகிறது. இரைப்பைக்குப் போகும் ரத்தம் குறைந்து தசைகளுக்குத் திரும்புகிறது, எச்சில் வற்றுகிறது. பெருங்குடல் மட்டும் வேகமெடுக்கும். கடைசி நிமிடத்தில் கழிப்பறைக்கு ஓடுவது அதனால்தான்.

இது ஒருவழிப் பாதை அல்ல. மூளையை இதயத்தோடும் குடலோடும் இணைக்கும் வேகஸ் நரம்பின் இழைகளில் ஏறக்குறைய 80 சதவீதம் உடலிலிருந்து மூளைக்குச் சேதி கொண்டுபோகிறவை. கலங்கிய வயிறு பயத்தை இன்னும் கொஞ்சம் ஏற்றிவிடும்.

உடல் மாற்றம் முந்தியா, உணர்ச்சி முந்தியா?
– ஆசிரியர், கும்பகோணம்

நடுங்குவதால்தான் பயப்படுகிறோம் என்று 1884-இல் எழுதினார் அமெரிக்க உளவியலாளர் வில்லியம் ஜேம்ஸ். 1927-இல் அமெரிக்க உடலியலாளர் வால்டர் கேனன் அதை மறுத்தார்: உள்ளுறுப்புகள் மெதுவானவை, கோபத்திலும் பயத்திலும் அதே படபடப்புதான், காய்ச்சலில்கூட அப்படித்தான். இருவருக்கும் நடுவில், 1924-இல், ஸ்பெயின் மருத்துவர் கிரிகோரியோ மரான்யோன் நோயாளிகளுக்கு அட்ரினலின் ஊசி போட்டுப் பார்த்தார். பலர் நெஞ்சு துடிப்பதை மட்டும் சொன்னார்கள். சிலர், பயந்தது போல இருக்கிறது, ஆனால் பயமில்லை என்றார்கள். இறந்துபோன பெற்றோரைப் பற்றிப் பேச்செடுத்தபோதோ சிலருக்கு உண்மையான துக்கமே வந்தது. ஆக, உடல் கொடுப்பது வேகம். அதற்குப் பெயர் வைப்பது மூளை. ஜேம்ஸுக்குப் பாதி மார்க் போடலாம்.

அமிக்டலா இல்லாவிட்டால் பயமே இருக்காதாமே?
– வாசகர், காரைக்குடி

அப்படித்தான் நினைத்திருந்தார்கள். எஸ்.எம். என்று மட்டும் ஆய்வுகளில் குறிப்பிடப்படும் அமெரிக்கப் பெண்மணிக்கு இருபக்க அமிக்டலாவும் சிதைந்துவிட்டது. பாம்பைக் கையில் எடுத்துத் தடவுவார். அவரை 35 சதவீதம் கரியமில வாயு கலந்த காற்றை ஒரே ஒரு முறை இழுக்கச் சொன்னதும் பீதியில் துடித்துப்போனார். 2013-இல் வெளியான ஆய்வு இது. மூச்சுமுட்டல் போல உடலுக்குள்ளிருந்து எழும் பயத்துக்கு மூளையில் அமிக்டலாவைத் தாண்டிய வேறு பாதை உண்டு.

பதற்றத்தில் மூச்சை ஆழமாக இழுத்தால் தலை சுற்றுகிறது. தவறு எங்கே?
– இல்லத்தரசி, நாகர்கோவில்

'நல்லா இழுத்து விடு' என்ற அறிவுரையில்தான். பெரிய பெரிய மூச்சாக விட்டால் ரத்தத்தில் கரியமில வாயு குறையும். மூளையின் ரத்தக்குழாய்கள் சுருங்கித் தலை சுற்றும், விரல்நுனியும் உதட்டோரமும் மதமதக்கும். அதைப் பார்த்துப் பதற்றம் கூடும்.

மூக்கால், வழக்கமான அளவே இழுங்கள்: உள்ளே 4 விநாடி, வெளியே 6 விநாடி. நிமிடத்துக்கு 6 மூச்சு, மொத்தம் 5 நிமிடம். மூச்சு வெளியேறும்போது வேகஸ் நரம்பு இதயத்துக்குப் பிரேக் போடும். மணிக்கட்டில் நாடி பிடித்துக்கொண்டே செய்தால், பலருக்கு அந்தத் தளர்வு விரலிலேயே தெரியும். நெஞ்சுவலி இடது கைக்கோ தாடைக்கோ பரவி வியர்த்தால் மூச்சுப்பயிற்சி வேண்டாம், உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

காபிக்கும் பதற்றத்துக்கும் தொடர்பு உண்டா?
– வாசகர், சேலம்

உண்டு. காபியில் உள்ள காஃபின் தரும் படபடப்புக்கும் மூளை ஒரு காரணம் தேடும். மேசையில் கிடக்கும் கடன் நோட்டீஸே போதும். உடலில் சேர்ந்த காஃபினில் பாதி வெளியேற ஏறக்குறைய 5 மணி நேரம் ஆகும். நேர்காணல் 11 மணிக்கு என்றால் 10 மணி காபியைத் தவிர்த்துவிடுங்கள்.