மலிவும் களவும்

அன்புள்ள அண்ணா,

நிலாவெளியில் மாமியின் துணிக்கடையில் பின்னேரங்களில் நிற்கிறேன். போன கிழமை ஒரு வெள்ளைக்காரப் பெண் பத்திக் சாரம் ஒன்றுக்கு விலை கேட்டார். 2,000 ரூபாய் என்றேன். விரித்துப் பார்த்துவிட்டு, ‘இட்ஸ் எ ஸ்டீல்!’ என்று சிரித்தார். மாமிக்கு முகம் கறுத்துவிட்டது. ‘களவெடுத்த சாமானோ எண்டு கேக்கிறாளோ?’ என்று என்மேல் சீறினார். ஸ்டீல் என்றால் களவெடுப்பது என்றுதான் எனக்கும் படிப்பித்தார்கள். மலிவுக்கும் களவுக்கும் என்ன தொடர்பு?

— ஒரு வாசகி, நிலாவெளி

அன்புள்ள தங்கச்சி,

அந்தப் பெண் கள்ளப்பட்டம் கட்டியது தனக்குத்தான், மாமிக்கு அல்ல. இந்த விலைக்கு இதை வாங்குவது களவெடுப்பதற்குச் சமம் என்று, அமெரிக்கப் பேச்சிலிருந்து வந்த பாராட்டு அது. நாமும் ‘கொள்ளை மலிவு’ என்கிறோமே. ‘கொள்ளை இலாபம்’ என்றால் மட்டும் கொள்ளைக்காரர் லாச்சிக்குப் பின்னால் இருப்பவர். (இதைப் படித்துவிட்டு மாமி விலையைக் கூட்டினால் நான் பொறுப்பில்லை.)

ஆங்கிலத்தில் ஓசைப்படாமல் நழுவிப் போவதும் ஸ்டீல்தான், ஓரக்கண்ணால் பார்ப்பதும் ஸ்டீல்தான். இடியைக்கூடக் களவெடுக்கலாம். லண்டனில் ஜான் டென்னிஸ் என்ற நாடகாசிரியர் 1709இல் தன் நாடகத்துக்காக மேடையில் இடி முழக்கப் புது வழி ஒன்று கண்டுபிடித்தார். நாடகம் படுத்துவிட்டது. அப்புறம் வேறொரு நாடகத்தில் அதே இடி கேட்கவும், ‘என் இடியைக் களவெடுத்துவிட்டார்கள்’ என்று கத்தினாராம். ஒருவருக்கு வரவேண்டிய பெயரை இன்னொருவர் முந்திக்கொண்டால் ஆங்கிலக்காரர் இன்றும் இப்படித்தான் சொல்கிறார்கள்.

நழுவுகிறவரும் ஓரக்கண்ணால் பார்க்கிறவரும் யாருடைய பொருளையும் எடுக்கவில்லை. பிறர் கண்ணில் படாமல் செய்கிறார்கள், அவ்வளவுதான். நம்முடைய களவும் அப்படியே. கள்ளத்தோணியை யாரும் களவெடுக்கவில்லை. அது தெரியாமல் கரை சேர்ந்த தோணி. அதை ஒரு சனத்தையே வையும் சொல்லாக்கியது தனிக்கதை, அதைக் கிளறினால் இந்தக் கடிதம் முடியாது. ஊரறியாத காதலுக்குத் தொல்காப்பியம் வைத்த பெயரே களவு. குறுந்தொகையில் கபிலர் பாடிய தலைவி, காதலனோடு கூடிய அன்று வேறு யாரும் இல்லை, அவன் ‘தானே கள்வன்’ என்கிறாள். ஆரல்மீனுக்காக ஓடும் நீரைப் பார்த்து நின்ற ஒரு குருகுதான் சாட்சி.

உங்கள் ஊர்க்காரருக்கு இன்னும் நெருக்கமான கள்வரும் உண்டு. திருஞானசம்பந்தர் தம் முதல் பதிகத்திலேயே சிவனை ‘உள்ளங்கவர் கள்வன்’ என்றார். கோணேஸ்வரத்துக்குப் பதிகம் பாடியவரும் அவரே. அந்தக் கள்வருக்குத்தான் கோணமலையில் கற்பூரம் காட்டுகிறோம்.

சரி, பரீட்சைக்கும் ஒன்று. ஸ்டீல் என்ற வினைக்குப் பின்னால் பொருள் வரும், ரொப் என்பதற்குப் பின்னால் பறிகொடுத்த ஆளோ இடமோ வரும். வங்கியை ரொப் பண்ணுவார்கள், காசை ஸ்டீல் பண்ணுவார்கள். இதை மாற்றி எழுதினால் புள்ளி போய்விடும்.